கவிஞர்கள் கண்டெடுத்த ஓவியர்

சர்ரியலிசத்தின் வரலாற்றை எழுதுவோர் 1924ஆம் ஆண்டு அக்டோபரில் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கையிலிருந்தே பெரும்பாலும் தொடங்குவர். அவ்வறிக்கைக்குப் பத்தாண்டுகள் முன்னரே அதன் கனவுவெளியைத் தீட்டிவிட்டவர் ஜியோர்ஜியோ தெ கிரிக்கோ. 1888இல் கிரேக்க நாட்டு வோலோஸ் நகரில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை இருப்புப்பாதைப் பொறியாளர். மகனுடைய ஓவியங்களின் தொடுவானத்தில் ஓயாது புகைவிட்டுச் செல்லும் சிறு புகைவண்டிக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

மியூனிக்கில் பயின்ற காலத்தில் பெக்லினின் ஓவியங்களும் நீட்சேயின் நூல்களும் அவரை ஆட்கொண்டன. பின்னர் ஃபிளாரன்சில், நோயிலிருந்து மீண்டு வந்த ஓர் இலையுதிர்காலப் பிற்பகலில், சாந்தா குரோச்சே சதுக்கத்தில் தாந்தேயின் சிலையெதிரே அமர்ந்திருந்தார். பலமுறை பார்த்த காட்சி அன்று முதன்முறை காண்பதாகத் தோன்றியது. அந்தக் கணத்தின் விளைவே ஆளரவமற்ற சதுக்கங்கள், நீண்ட நிழல்கள், இருள் உறையும் வளைவு வாயில்கள். அங்கு அச்சம் தருவது எதுவும் நிகழ்வதில்லை. நிகழப்போகிறது என்னும் உணர்வு மட்டும் நிலைக்கிறது.

1911இல் பாரிஸ் சென்ற அவரை முதலில் இனங்கண்டவர் ஒரு கவிஞர், அப்பொலினேர். 1914இல் தெ கிரிக்கோ தீட்டிய அப்பொலினேரின் உருவ ஓவியத்தில், பின்னணியில் தெரியும் நிழலுருவின் தலைமீது இலக்குக் குறி போன்றதொரு வளைகோடு உண்டு. 1916இல் போர்முனையில் கவிஞரின் தலையில் காயம் பட்டது. தற்செயலே எனினும், நண்பர்கள் அதனைத் தீர்க்கதரிசனமாகவே கொண்டனர். சர்ரியலிசம் என்ற சொல்லையே 1917இல் உருவாக்கியவரும் அப்பொலினேர்தாம்.

அதே 1914இல் பிறந்தது ‘காதற்பாட்டு’. சுவரில் பண்டைய அப்பல்லோவின் தலை. அருகே ஆணியடித்துத் தொங்கவிட்ட சிவப்பு ரப்பர்க் கையுறை. கீழே பச்சைப் பந்து. ஒன்றுக்கொன்று உறவற்ற பொருள்கள் அருகருகே நின்றே கவிதையாகிவிடுகின்றன. இதன் அச்சுப் படியைக் கண்ட பெல்ஜிய ஓவியர் மக்ரித் கண்ணீர் விட்டார். அவருடைய பாதை அன்று திரும்பியது. பேருந்தில் சென்றுகொண்டிருந்த பிரெத்தோன், கடைச் சாளரத்தில் ‘குழந்தையின் மூளை’ என்ற ஓவியத்தைக் கண்டு இறங்கி ஓடினார். இவ் தாங்கியும் அவ்வாறே பேருந்திலிருந்து குதித்து ஓவியரானார் என்பது அவ்வியக்கத்தார் விரும்பிச் சொல்லும் கதை.

ஆனால் வழிபட்டோர் வந்து சேர்ந்தபோது தெய்வம் இடம் பெயர்ந்திருந்தது. 1919இல் ரோமில் டிட்சியானோவின் ஓவியமொன்றின் முன் நின்ற தெ கிரிக்கோ, பழைய ஆசான்களின் கைத்திறனே கலை என முடிவு செய்துவிட்டார். 1924இல் சர்ரியலிஸ்டுகளுடன் ஒரே புகைப்படத்தில் நின்றாரெனினும், 1926இல் பிரெத்தோன் அவரை வெளிப்படையாகச் சாடினார். 1928இல் அவருடைய பழைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்துப் புதியவற்றை இகழ்ந்தனர். பிந்தைய படைப்புகள் பல தளர்ந்தவை என்பது உண்மையே. ஆயினும், ஒரு கலைஞன் 26ஆம் வயதிலேயே உறைந்து நிற்கவேண்டுமெனக் கோரியதில் கவிஞர்களின் தேவையே மிகுதி, நியாயம் குறைவு. 1929இல் அவர் எழுதிய ‘எப்தொமெரோஸ்’ என்னும் நாவலை அதே குழுவினர் புகழ நேர்ந்தது, வரலாற்றின் குறும்பு.

ஓவியரும் பழிதீர்க்காமல் இல்லை. 1945இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர்களை வசைபாடினார். இளமைப் பாணியில் புதிதாகத் தீட்டி முந்தைய ஆண்டைக் குறித்தார். ‘அமைதி குலைக்கும் கலைத்தேவியர்’ ஓவியத்தை 1945க்கும் 1962க்குமிடையே 18 முறையேனும் மீண்டும் வரைந்தார். மூலம் எது, நகல் எது என்று ஆய்வாளர்கள் மயங்கியிருக்க, 1978இல் ரோமில் மறைந்தார்.

‘குழந்தையின் மூளை’ மட்டும், அத்தனை பகைக்கும் பிறகு, பல்லாண்டுகள் பிரெத்தோனின் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.