கோடும் லயமும்: அப்புத்தளைப் பெருந்தோட்டங்களிற் கட்டடப் படவரைவின் சமூக வரலாறு – ஒரு நோக்கு

1

கட்டடங்களின் வரலாற்றை ஆராய்வோர் கல்லையும் மரத்தையும் நோக்குவர். கூரையின் அமைப்பையும் தூணின் அலங்காரத்தையும் நோக்குவர். அவற்றுக்கெல்லாம் முன்னர்த் தாளில் விழுந்த கோட்டினை நோக்குவோர் மிகச் சிலரே. எக்கட்டடமும் எழுவதற்கு முன்னர் எவரோ ஒருவர் அதனைத் தாளில் வரைந்திருப்பார். அன்றேல், கயிறு பிடித்து மண்ணிற் கீறியிருப்பார். அக்கோட்டினை இழுக்கும் உரிமை யாரிடம் இருந்தது? அதனை வாசிக்கும் பயிற்சி யாருக்குக் கிட்டியது? இவ்விரு வினாக்களையும் அப்புத்தளைப் பிரதேசத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு அப்புத்தளை மிகவும் பொருத்தமானதொரு களமாகும். ஆங்கில நாட்டுப்புற மாளிகையின் சாயலில் எழுந்த அடிஷாம் பங்களா, லிப்டனின் பெயரோடு இணைந்த தம்பேதன்னத் தேயிலைத் தொழிற்சாலை, மலையைக் குடைந்து செல்லும் புகையிரதப் பாதை, இவற்றையெல்லாம் தம் உழைப்பால் தாங்கிய மக்கள் வாழும் லயங்கள் ஆகியன இங்கு சில மைல் சுற்றளவுக்குள் அடங்கிவிடுகின்றன. அண்மையிலுள்ள தியத்தலாவையிலேயே நில அளவையும் படமாக்கலும் கற்பிக்கும் அரச நிறுவனம் அமைந்துள்ளது. வரைதற் கலையின் பயனும் அது மறுக்கப்பட்டமையின் விளைவும் ஒரே மலைத்தொடரிற் காணக் கிடைக்கின்றன.

2

கட்டடப் படவரைவு என்பது ஓவியம் அன்று. ஓவியன் தன் கண்ணுக்குத் தோன்றுவதை வரைகின்றான். படவரைஞன் அளந்தறிந்ததை வரைகின்றான். அதன் அடிப்படைகள் சிலவே. தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்திற் கட்டடத்தைக் கிடையாக வெட்டி, மேலிருந்து நோக்கினாற் கிடைப்பது கிடைப்படம். சுவருக்கு நேரெதிரே நின்று, தூரத்தாற் சிறுத்தல் என்பதின்றி வரைவது நிலைப்படம். கட்டடத்தை நிலைக்குத்தாகப் பிளந்து உள்ளமைப்பைக் காட்டுவது வெட்டுமுகம். இம்மூன்றையும் ஒரே அளவுத்திட்டத்திற்குள் கொண்டுவரக் கற்றவன், இல்லாத கட்டடம் ஒன்றனைப் பிறர் கட்டும்படி செய்ய வல்லவனாகின்றான். வெட்டுண்ட சுவருக்குத் தடித்த கோடு, அப்பால் தெரிவதற்கு மெல்லிய கோடு, மறைந்திருப்பதற்குப் புள்ளிக்கோடு என்னும் மரபும் இதனுள் அடங்கும். வரைபலகை, மூலைமட்டம், கவராயம், அளவுகோல் என்பன இதற்கு வேண்டிய கருவிகள். இன்று கணினி அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் அடிப்படைகள் மாறவில்லை.

இவ்வறிவு எக்காலத்தும் எல்லார்க்கும் உரியதாய் இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கஸ்பார் மொஞ்சு எறிய வடிவகணிதத்தை ஒழுங்குபடுத்தியபோது, கோட்டைகளை வடிவமைக்க உதவிய அம்முறை இராணுவ இரகசியமாகவே காக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர், 1795இலேயே அவர் அதனை வெளிப்படையாகக் கற்பிக்க முடிந்தது. நம்மிடையேயும் மனைநூல் அறிவு குறித்த குலத்தாரின் சொத்தாகவே பேணப்பட்டது. நிழல் கொண்டு திசையறிந்து, கயிறு பிடித்து அரண்மனையை வகுத்த செய்தியை நெடுநல்வாடை தருகின்றது. அவ்வாறு வகுத்தவர்கள் நூல் கற்றவர்கள். மண் சுமந்தவர்கள் வேறு யாரோ. சிந்திக்கும் கைக்கும் சுமக்கும் கைக்கும் இடையிலான இப்பிரிவினை பெருந்தோட்டத்திலே தன் முழு உருவையும் பெற்றது.

3

அப்புத்தளைத் தோட்டங்களின் முதலாவது வரைபடம் கட்டடத்தினது அன்று, நிலத்தினது. இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலேயே தோற்றுவிக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமை நாட்டப்படாத காட்டையும் தரிசையும் அரசின் உடைமையெனக் கொண்டது. அளந்து, எல்லையிட்டு, படமாக்கப்பட்ட காணி தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. மலைச்சாரலைக் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்த சிங்களக் கிராமத்தவரிடம் வழக்காறு இருந்தது, படம் இருக்கவில்லை. படம் வைத்திருந்தவனே உடைமையாளனானான்.

அடுத்து வந்தது புகையிரதப் பாதையின் படம். 1885இல் நானுஓயாவை அடைந்த பாதை 1893இல் அப்புத்தளையையும், 1894இற் பண்டாரவளையையும், 1924இற் பதுளையையும் எட்டியது. நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி என்பதைவிடச் செங்குத்தாக ஏறக்கூடாது என்ற வரையறை சமவுயரக் கோடுகளின் மேலேதான் நிறைவேற்றப்பட்டது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் நிறைவுற்றது. அதன் வரைபடங்களும் கட்டுமான விபரங்களும் 1923இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தால் வெளியிடப்பட்டன. பொறியியலாளரின் கோடு ஆவணமாயிற்று.

உழைத்தவர் பக்கம் எஞ்சியது கதை. தெமோதரையிற் பாதை வட்டமிட்டுத் தன் கீழேயே புகுந்து செல்கின்றது. அவ்வுயர வேறுபாட்டைக் கடக்க வழியறியாது பொறியியலாளர் திகைத்து நின்றபோது, கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டினார் என்றும், அதைக் கண்டே வட்டப்பாதை தோன்றிற்று என்றும் ஊவாவில் வழங்கிவருகின்றது. இது நடந்த நிகழ்ச்சியா என்பது நமக்கு முதன்மையன்று. துணியில் வடிவத்தைக் காட்டிய கை ஒன்று, அதைத் தாளில் எழுதிய கை வேறொன்று என்ற சமூக உண்மையை இக்கதை தெளிவாகப் பதிந்து வைத்திருக்கின்றது என்பதே நாம் கருத வேண்டியதாகும்.

4

அடிஷாம் பங்களாவை நோக்குவோம். கொழும்பின் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் வர்த்தக நிறுவனத்தின் தலைவராயிருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ், தாம் பிறந்த கென்ற் மாநில ஊரின் பெயரை அதற்கு இட்டார். டியூடர் பாணியில் அமைந்த அம்மாளிகையை வரைந்தோர் ஆர். பூத், எஃப். வெப்ஸ்டர் என்னும் கட்டடக்கலைஞர் இருவர். 1931இல் வேலை நிறைவுற்றது. கதவும் சாளரமும் படிக்கட்டும் பர்மாத் தேக்கால் ஆனவை. 1960களின் தொடக்கம் முதல் அது பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாக விளங்குகின்றது. வரைந்தவர் பெயர், வாழ்ந்தவர் பெயர், மரத்தின் பெயர் யாவும் நமக்குத் தெரியும்.

லயத்துக்கு அவ்வாறு பெயர் சொல்லத்தக்க கட்டடக்கலைஞர் எவருமிலர். கோப்பிக் காலத்துத் தோட்டக்காரர் கைந்நூல்கள் பங்களா, ஸ்டோர், லயம் ஆகியவற்றை அமைக்கும் முறையை ஒருங்கே கூறின. லயம் என்பது உழைப்பாளரை நிறுத்திவைக்கும் ஒரு சாதனமாகவே எண்ணப்பட்டது. 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் தொழிலாளர் நோய்கள் கட்டளைச் சட்டமும் தோட்டச் சுகாதாரத்தை அரசின் மேற்பார்வைக்குள் கொணர்ந்தன. ஆயினும் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற காம்பராவின் அளவு தலைமுறைகளைக் கடந்து நிலைத்துவிட்டது.

இக்காம்பராவை ஒருமுறை வரைந்து பார்ப்பது பயனுடையது. ஓரடிக்கு அரைக்கால் அங்குலம் என்ற அளவுத்திட்டத்தில் அது தாளில் ஒன்றேகால் அங்குலமும் ஒன்றரை அங்குலமுமாகச் சுருங்கிவிடும். பெரியதோர் அஞ்சல்தலை அளவே அது. அதனுட் குடும்பத்தவர் ஆறு பேரைப் படுக்க வைப்போம். ஒருவருக்கு ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட பாய் எனக் கொண்டால், பாய்களுக்கு மட்டுமே 90 சதுர அடி போய்விடும். மொத்தப் பரப்பு 120 சதுர அடி. எஞ்சும் 30 சதுர அடியிலேதான் பெட்டியும் பானையும் விறகும் நடைவழியும் அடங்க வேண்டும். அடுப்பு இஸ்தோப்பின் ஒரு மூலைக்கு ஒதுங்குகின்றது. அல்லது காம்பராவின் உள்ளேயே புகைகின்றது. மணமான மகனுக்கும் பருவமெய்திய மகளுக்கும் படத்தில் இடமில்லை. விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்குச் செல்லும் பெண்ணின் நடைவழி, உறங்குவோரின் கால்களுக்கிடையிலேதான் அமைகின்றது.

கிடைப்படம் இதனைச் சொல்ல, வெட்டுமுகம் வேறொன்றைச் சொல்கின்றது. இரட்டை லயத்தில் இரு வரிசைக் காம்பராக்கள் ஒரே பின்சுவரைப் பங்கிட்டுக் கொள்கின்றன. ஆகவே எக்காம்பராவுக்கும் பின்பக்கச் சாளரம் இல்லை. ஒளியும் காற்றும் வாசலின் ஊடாகவே வருதல் வேண்டும். கூரைத் தகரத்தின் கீழ் ஒரு காம்பராவின் புகையும் குரலும் அடுத்த காம்பராவுக்குச் செல்வதையும் வெட்டுமுகத்திலேயே காணலாம். லயத்து வாழ்வின் துயரை சி. வி. வேலுப்பிள்ளை முதலானோர் இலக்கியமாக்கினர். இலக்கியம் லயத்தை உள்ளிருந்து எழுதியது. வரைபடம் இன்னும் அவ்வாறு எழுதப்படவில்லை.

5

இது ஏன் நிகழவில்லை என்பதற்கான விடையைக் கல்வி வரலாறு தருகின்றது. அப்புத்தளைக்குப் புகையிரதம் வந்த அதே 1893ஆம் ஆண்டிலேயே கொழும்பில் அரசாங்கத் தொழினுட்பக் கல்லூரி நிறுவப்பட்டது. நாட்டின் படவரைஞர் பலர் அங்கு உருவாயினர். கட்டுபெத்தையில் 1960களில் வளர்ந்த தொழினுட்ப நிறுவனங்கள் 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக முகிழ்த்தன. ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு அப்பாதையின் முதற்படியே எட்டாதிருந்தது. தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஓர் ஆசிரியரும் ஒரு மண்டபமுமாகவே இருந்தது. தொடக்க வகுப்புகளோடு கல்வி நின்றுவிடும். 1970களிலேயே அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. அதற்கு முன்னரே 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கிவிட்டது. 1964இன் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தமோ அவர்களை எண்களாகப் பங்கிட்டது. எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்பதே அறியாதவனிடம் வீட்டின் படத்தை வரையும்படி யார் கேட்பார்?

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளுக்குச் சென்றது. இரு மாற்றங்களிலும் காம்பராவின் சுவர் நகரவில்லை. உள்ளூராட்சி அனுமதி பெறும் கட்டடப் படத்துக்குக் காணி உறுதி அடிப்படை. லயத்தில் வாழ்வோரிடம் உறுதி இல்லை. அத்துடன், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. எனவே படவரைவு அறியாமை தனிமனிதர் குறைபாடன்று. நிலமில்லாதவனுக்குக் கிடைப்படம் தேவைப்படவில்லை. கிடைப்படம் அறியாதவன் நிலம் கேட்கும்போது எத்தகைய நிலம் என்று சொல்லவும் இயலவில்லை.

6

இதன் மிகக் கொடிய விளைவை 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை நாம் கண்டோம். அப்புத்தளைக்கு அண்மையில், கொஸ்லாந்தையைச் சார்ந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கு ஆபத்து உண்டென்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அதாவது, அபாயத்தைக் காட்டும் அறிவு இருந்தது. அது லயத்துக் குடும்பத்தின் கைக்கு வீடாகவோ நிலமாகவோ வந்து சேரவில்லை. மக்கள் படம் வாசிக்கத் தெரியாமையால் மாண்டனர் என்று கூறுவது பெருந்தவறாகும். மாற்றிடம் வழங்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை. எனினும், சமவுயரக் கோடுகள் எங்கு நெருங்குகின்றன, நீரோடை எவ்வழி வருகின்றது, தம் லயம் எக்கோட்டின் மேல் நிற்கின்றது என்று சுட்டிக் கேட்கும் இளைஞர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்திருப்பின், எச்சரிக்கையை அலுவலகக் கோப்பிலே உறங்கவிடுவது அத்துணை எளிதாக இருந்திருக்காது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா சூறாவளியும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகளை விளைத்து இப்பாடத்தை மீளவும் உணர்த்தியது.

இந்திய உதவியுடன் 2012இல் 4,000 தனி வீடுகளுக்கான திட்டமும், 2017இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. 2015க்குப் பின்னர் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்பது கொள்கையாயிற்று. அது ஏறக்குறைய 1,905 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு எழுகின்றது. பழைய காம்பராவின் நாலரை மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு இது, வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் இவ்வீட்டின் படமும் வெளியிலிருந்தே வருகின்றது. கிடைப்படத்தை வாசிக்கக் கற்ற தாய் ஒருத்தி, சமையலறைச் சாளரம் காற்றடிக்கும் திசையில் இருப்பதைக் கட்டுமுன்னரே கண்டு மாற்றச் சொல்வாள். கட்டிய பின்னர் அவளாற் சகிக்க மட்டுமே முடியும்.

7

இதுவரை கண்டவற்றிலிருந்து செயலுக்குரிய முடிவு ஒன்று பிறக்கின்றது. லயங்கள் இடிக்கப்பட்டு வருகின்றன; இடிக்கப்பட வேண்டியனவே. ஆனால் அவை அளக்கப்படாமல் அழியக்கூடாது. அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பாடசாலைகளின் உயர் வகுப்பு மாணவர் அளவுநாடாவும் பென்சிலும் கொண்டு தம் லயத்தைத் தாமே அளந்து வரைவாராக. கிடைப்படத்தில் பாய்களையும் அடுப்பையும் குறிப்பாராக. தண்ணீர்க் குழாய்க்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் எத்தனை அடி நடக்க வேண்டும் என்று எழுதுவாராக. வட திசையையும் சரிவின் போக்கையும் அம்புக்குறியாற் காட்டுவாராக. படவரைவின் அடிப்படைகளைக் கற்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. மலையக வரலாற்றுக்கு இதனினும் நம்பகமான ஆவணமும் அரிது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் கட்டடக்கலை பயிலும் நம் மாணவர்களும் இப்பணிக்குத் துணை நிற்றல் வேண்டும்.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இம்மக்கள் பிறர் இழுத்த கோட்டுக்குள் வாழ்ந்துள்ளனர். எல்லைக்கல்லும் பாதையும் காம்பராவின் சுவரும் பிறர் கைக் கோடுகளே. தம் வீட்டைத் தாமே வரைந்து, இதுதான் வேண்டும் என்று கிராம அலுவலர் முதல் அமைச்சு வரை எவர் முன்னும் விரித்து வைக்கும் தலைமுறை தோன்றுமாயின், அத்தாளிலே விழும் முதற் கோடு நில உரிமைக் கோரிக்கையின் முதல் வரியாகவும் அமையும்.