எந்திரிச்சு நடமாடுறாங்களா?

பத்து வருசத்துக்கு முந்தி, அவனியாபுரத்தில் இருந்த என் பெரியத்தைக்கு மார்பகப் புற்று ஈரலுக்குப் பரவிவிட்டது. விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிற ஆள் அவர். விசயம் தெரிந்த நாளே வாளியைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டோம். "நீங்க பேசாம படுங்கத்தை, நாங்க பாத்துக்கிறோம்." பாசம்தான், வேறென்ன. மூணாவது வாரம் குளியலறைக்குப் போகவே ரெண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. நோய் முத்திருச்சு என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டோம். நோயா, கட்டிலா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் கேள்வியோடு பழைய கட்டுரைகளைத் தேடிப் போனதில் கிடைத்தவை கீழே.

படுக்கையையே மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் நம்ம ஊரில் மட்டும் இருந்ததில்லை. அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல் 1870-களில் நரம்புத் தளர்ச்சிக்கு வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார். அந்த வைத்தியம் ரொம்பப் பிரபலம். எதிர்க்குரல் 1947-ல் வந்தது. ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், படுத்தே கிடந்தால் ரத்தம் உறையும், தசை கரையும், மலம் கட்டும், புண் வரும் என்று உறுப்பு உறுப்பாக எழுதினார். கடைசியில் ஒரு தேவாலயப் பாட்டைக் கிண்டலாக மாற்றி வேறு எழுதியிருக்கிறார்!

1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இதை அளந்தே பார்த்தார்கள். இருபது வயது ஆரோக்கியமான பையன்கள் ஐந்து பேர், மூன்று வாரம் படுக்கை. முப்பது வருசம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். அந்த மூன்று வாரம் அவர்கள் உடல் திறனைக் குறைத்த அளவுக்கு முப்பது வருச மூப்புகூடக் குறைக்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நோயில்லாத இளவட்டங்களுக்கே மூணு வாரத்தில் இந்தக் கதி.

புற்றுநோய்ப் பக்கம் இந்த யோசனையைக் கொண்டுவந்தவர்கள் செவிலியர்கள். ஒகையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மேரி மக்விகாரும் மேரில் வினிங்ஹாமும் கீமோ எடுத்துக்கொண்டிருந்த பெண்களை நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் ஏற்றினார்கள். வாரம் மூன்று நாள், பத்து வாரம். 1989-ல் வந்த கட்டுரைப்படி அவர்கள் உடல் திறன் கூடியிருந்தது. ஆனால் அது ஆரம்பக் கட்ட நோய். பரவிய பிறகு?

நார்வேயில் லின் ஓல்டர்வோல் குழு, குணமாக வாய்ப்பில்லாத 231 பேரிடம் எட்டு வாரம் சோதித்து 2011-ல் வெளியிட்டது. எதிர்பார்த்தபடி சோர்வு குறையவில்லை. பயிற்சிக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முடிக்கவும் இல்லை. ஆனால் நடக்கும் தூரமும் கைப்பிடி வலுவும் கூடின. 2024-ல் ஐந்து ஐரோப்பிய நாடுகளும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து, பரவிய மார்பகப் புற்றுள்ள 357 பேரிடம் செய்த ஒன்பது மாத ஆய்வு வந்தது. பெரும்பாலானவர்களுக்கு எலும்புக்கும் பரவியிருந்தது. இதில் சோர்வும் குறைந்தது, அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டது. ஆயுளை நீட்டும் என்று யாரும் சொல்லவில்லை. பலவீனமான எலும்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது என்பதும் உண்மை.

நோய் விசாரிக்க வருகிறவர்கள் நம்ம ஊரில் முதலில் கேட்பது, "எந்திரிச்சு நடமாடுறாங்களா?" டேவிட் கர்னோஃப்ஸ்கி 1940-களில் உண்டாக்கிய அளவுகோலும் சாராம்சத்தில் இதே கேள்விதான். இன்று அதிகம் பயன்படும் ஈகாக் அளவுகோலில், விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிந்தால் மூன்று. முழுக்கப் படுக்கை என்றால் நான்கு. கீமோ தாங்குமா என்று முடிவெடுக்க மருத்துவர்கள் பார்ப்பவற்றில் இந்த எண்ணும் ஒன்று. அத்தைக்கு அந்த எண்ணை ஏற்றிவிட்டதில் எங்கள் பங்கு எவ்வளவு?

மதுரையில் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. கட்டிலில் கிடப்பவரை எழுப்பி நடக்க வைக்க வீட்டுக்கு ஆள் வருவதுதான் இல்லாமல் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது பின்னாடி இருக்கும் ரெண்டும்.

அத்தை இருந்த தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெரியவர், நுரையீரல் புற்று. ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருகிறார். நடுவில் மூச்சு வாங்கினால் நிறுத்திக்கொள்வார். தை முதல் நாள் ஜல்லிக்கட்டுக்கு மாடுகள் போகும் சத்தம் கேட்டு, மருமகள் "மாமா, இருங்க" என்று ஓடிவருவதற்குள் கம்பை ஊன்றி வாசல் திண்ணைக்கு வந்துவிட்டார். நான் போனபோது அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். எந்த மாடு யாருடையது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.