ஆங்கில வினைகளும் கற்போர் இடர்ப்பாடும்: ஒரு வரலாற்று நோக்கு

சொற்றொகை குறையுமாயின் மொழி எளிதாகிவிடுமோ? ஆங்கிலம் கற்பித்தலின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

1755 இல் இலண்டனில் வெளியான தமது அகராதியின் முன்னுரையிலே, வினையும் இடைச்சொல்லும் இணைந்து புதுப்பொருள் தரும் தொடர்கள் பிறமொழியாளருக்கு மிகுந்த இடர்ப்பாடு விளைப்பன எனச் சாமுவேல் ஜோன்சன் குறிப்பிட்டார். அவற்றை முயன்று தொகுத்தும் அளித்தார்.

1930 இல் சி. கே. ஒக்டன், 850 சொற்களாலான ‘அடிப்படை ஆங்கிலம்’ என்னும் திட்டத்தை வெளியிட்டார். அதில் இடம்பெற்ற வினைகள் 18 மாத்திரமே. நீக்கப்பட்ட வினைகளின் பணியைக் கிவ், புட், டேக் முதலிய எளிய வினைகள் இடைச்சொற்களுடன் கூடி ஆற்றவேண்டியதாயிற்று. ‘கிவ்’ கொடுத்தலைக் குறிக்கும். ‘கிவ் அப்’ என்பதோ கைவிடுதலைக் குறிக்கும். ‘புட்’ என்பது வைத்தல். ‘புட் அப் வித்’ என்பது பொறுத்துக்கொள்ளல். எனவே, சொற்பட்டியலிலிருந்து இறங்கிய சுமை கற்போரின் நினைவில் ஏறியது.

தமிழிலும் ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்’ என்பது காண்டலும் கொள்ளலும் அன்று, பேணுதலாகும். தாய்மொழியாதலின் இவ்வருமையை நாம் உணர்வதில்லை. ஆங்கில வினையைத் தனிச்சொல்லாக மனனஞ் செய்யும் மாணவர் அதன் பாதியையே கற்கின்றனர். தொடரை முழுமையாக, வாக்கியத்தில் வைத்துக் கற்பதே ஜோன்சன் சுட்டிய இடரைக் கடக்கும் வழியாகும்.