லோகன்: ஒரு குடும்பப்பெயரின் ஊர்

பினாங்கு ஜார்ஜ் டவுன் உயர்நீதிமன்ற வளாகத்தில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனின் நினைவுச்சின்னம் உள்ளது. ஸ்காட்லாந்தின் பெரிக்ஷயரில் 1819இல் பிறந்த இவ்வழக்கறிஞர், 1847இல் தீவுக்கூட்ட ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். 1850இல் 'இந்தோனேசியா' என்னும் சொல்லை அதில் வழக்கிற்குக் கொணர்ந்தார். 1869இல் பினாங்கிலேயே மறைந்தார்.

'சிறு பள்ளம்' எனப் பொருள்படும் கேலிக் மொழிச் சொல்லினின்று தோன்றிய 'லோகன்', முதலில் இடப்பெயர், பின்னரே குடும்பப்பெயராயிற்று. எனவே, அப்பெயரினர் தம் மூதாதையர் நிலத்தைப் பெயரிலிருந்தே தேடத் தொடங்கலாம்.

தமிழரும் ஊர்ப்பெயரை முன்னெழுத்தாகச் சூடியவரே. ஆயின், மலேசியப் பதிவேடுகளில் மகன், மகள் என்னும் குறிப்புக்குப்பின் தந்தை பெயர் மட்டுமே நிற்கிறது. தலைமுறைதோறும் அதுவும் மாறுகிறது. ஆகவே, முதியோர் நினைவிலுள்ள ஊர்ப்பெயர்களை மாணவரைக்கொண்டு இன்றே எழுதிவைத்தல் தமிழாசிரியர் கடனாகும்.