தோள்பட்டைக்கு எடை தூக்குறீங்களா? எந்தப் பயிற்சி பாதுகாப்பானது?

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 317 கிலோ (ஸ்னாட்ச் 144, கிளீன் அண்டு ஜெர்க் 173) தூக்கித் தங்கம் வென்றார். 2014 கிளாஸ்கோவிலும் தங்கம் அவருக்குத்தான்.

இதைப் பார்த்துவிட்டு நேராக பார்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கப் போகாதீங்க. ஜெர்க்கில் எடையை மேலே அனுப்புவதில் பெரும்பங்கு கால்களுக்கு. தோள் அதைத் தாங்கி நிறுத்துகிறது. தோள் தசை வளர்வதற்கான பயிற்சிகள் வேறு.

தோள் ஏன் எளிதில் அடிபடுகிறது?

தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அதே காரணத்தால் பிடிமானம் குறைவு. 'ரொட்டேட்டர் கஃப்' எனும் நான்கு சிறிய தசைகள்தான் எலும்பை இடத்தில் நிறுத்துகின்றன. மேலே தெரியும் டெல்டாய்டு தசைக்கு முன், பக்கம், பின் என மூன்று பகுதிகள்.

எதைச் செய்யலாம்?

முன்பகுதி: டம்பெல் ஷோல்டர் பிரஸ். பெஞ்ச் பிரஸ், புஷ்-அப் செய்பவர்களுக்கு இந்தப் பகுதி ஏற்கெனவே வேலை செய்கிறது. கூடுதலாகக் குவிக்க வேண்டாம்.

பக்கவாட்டு: லேட்டரல் ரெய்ஸ். கைகளைச் சற்று முன்னால் வைத்து, தோள் உயரம் வரை தூக்கினால் போதும்.

பின்பகுதி: ஃபேஸ் புல், ரியர் டெல்ட் ஃப்ளை. பலரும் தவிர்ப்பது இதைத்தான்.

எதில் எச்சரிக்கை தேவை?

கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ், முழங்கையைத் தோளுக்கு மேல் உயர்த்தும் அப்ரைட் ரோ. எல்லோருக்கும் ஆபத்து என்றில்லை. ஆனால் நாள் முழுக்க லேப்டாப் முன் குனிந்திருப்பவரின் தோள் அந்த அளவுக்கு வளைந்துகொடுக்காது.

முதுகைப் பின்னால் வளைத்துத் தூக்குவதும் தவறு. ஒலிம்பிக்கில் 'பிரஸ்' பிரிவு 1972-க்குப் பிறகு நீக்கப்பட்டதற்கு, வீரர்கள் இப்படி வளைவதை நடுவர்களால் சரியாக மதிப்பிட முடியாமல் போனதும் ஒரு காரணம்.

எவ்வளவு செய்வது?

வாரத்தில் குறைந்தது 2 நாள் தசை வலுவூட்டும் பயிற்சி செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடக்கத்தில் ஒவ்வொரு பயிற்சியும் 2-3 செட், 8 முதல் 15 முறை. 'இன்னும் ரெண்டு முறை தூக்கலாம்' என்ற நிலையில் நிறுத்துங்கள். இடுப்பை ஆட்டித்தான் தூக்க முடிகிறது என்றால் எடை அதிகம்.

வலி வந்தால்?

ஓரிரு நாள் இருக்கும் தசைவலி இயல்பு. மூட்டுக்குள் குத்தும் வலி, இரவில் தூங்கவிடாத வலி, கையில் மரத்துப்போதல் இருந்தால் பயிற்சியை நிறுத்தி எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். தோள்வலியோடு நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் அதை ஜிம் வலி என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.