அறிவுரையிலிருந்து செவிமடுத்தலுக்கு: உளவள ஆலோசனைக் கோட்பாடுகளும் ஆலோசகரின் நடைமுறையும் (1908–1980)

உளவள ஆலோசனை அமெரிக்காவில் மனநல மருத்துவத்தின் கிளையாகத் தோன்றவில்லை. பெருநகரங்களுக்கு வேலை தேடி வந்த இளைஞருக்கு ஏற்ற தொழிலைக் காட்டும் சமூகப் பணியாகவே அது தொடங்கியது. பாஸ்டன் நகரில் 1908-இல் ஃபிராங்க் பார்சன்ஸ் நிறுவிய தொழில் வழிகாட்டு நிலையமும், அவர் மறைந்தபின் 1909-இல் வெளிவந்த அவரது நூலும் அப்பணிக்கு ஒரு முறையை வகுத்துத் தந்தன: இளைஞர் தம் திறனையும் விருப்பத்தையும் அறிதல், தொழில்கள் கோருவன எவை என்று அறிதல், இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுத்தல். எளிமையாகத் தோன்றும் இம்முறைக்குள்ளேயே ஒரு கோட்பாடு இருந்தது. மனிதனின் இக்கட்டு தகவல் குறைவால் நேர்வது என்றும், தகவல் உடையவர் அதைத் தீர்க்க இயலும் என்றும் அது கருதியது. கோட்பாடு ஒன்று ஆலோசகரை எந்த அளவுக்கு ஆள்கிறது என்பதை நூல்களின் முன்னுரைகளில் தேடுவதைவிட, எதிரே அமர்ந்தவர் பேசி நிறுத்தியதும் ஆலோசகர் சொல்லும் அடுத்த வாக்கியத்தில் தேடுவதே தக்கது. அந்த வாக்கியம் எழுபது ஆண்டுகளில் எவ்வாறு மாறியது என்பதையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

பார்சன்ஸின் வழி 1930-களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முழு வளர்ச்சி பெற்றது. பொருளாதாரப் பெருமந்தம் வேலையின்மையைப் பெருக்கியிருந்த அக்காலத்தில், திறன்களை எண்களால் அளக்கும் உளவியல் சோதனைகள் அங்கே தீவிரமாக உருவாக்கப்பட்டன. அச்சோதனைகளை மாணவர் ஆலோசனையோடு இணைத்தவர் ஈ. ஜி. வில்லியம்சன். அவர் 1939-இல் வெளியிட்ட நூலில் ஆலோசனைப் பணியை ஆறு படிகளாக வகுத்தார்: தகவல் திரட்டுதல், அவற்றைத் தொகுத்துக் காணுதல், சிக்கலை இனங்காணுதல், அதன் போக்கை முன்கணித்தல், ஆலோசனை வழங்குதல், பின்தொடர்ந்து கவனித்தல். மருத்துவரின் பணிமுறையை ஒத்த இவ்வரிசையில், ஆலோசனை என்று பெயர் பெற்ற செயல் ஐந்தாம் படியில்தான் வருகிறது என்பது கவனத்துக்குரியது. மாணவர் வாய் திறக்கும் முன்பே அவரைப் பற்றிய கோப்பு தயாராகிவிடும். ஆலோசகர் அதை விளக்கி, சான்றுகளைக் காட்டி, தகுந்த வழியைப் பரிந்துரைப்பார். பிற்காலத்தில் 'நெறிப்படுத்தும் முறை' என்று குறிக்கப்பட்ட இதை ஆணவப் போக்கு என்று ஒதுக்குவது நியாயமன்று. தமக்குப் பொருந்தாத படிப்பில் சேர்ந்து அல்லலுற்ற மாணவர்க்கு அது மெய்யான உதவியாக அமைந்தது. ஆனால், தகவல் முழுதும் கையில் இருந்தும் ஒருவர் மாற இயலாது தவிப்பது ஏன் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

அக்கேள்வி கார்ல் ரோஜர்ஸை (1902–1987) நடைமுறையிலேயே எதிர்கொண்டது. 1928 முதல் 1940 வரை அவர் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில், குழந்தைகள் கொடுமைப்படுத்தப்படுவதைத் தடுக்கும் சங்கத்தின் கீழ் இயங்கிய குழந்தை ஆய்வுப் பிரிவில் பணியாற்றினார். அடங்காத சிறுவன் ஒருவனின் தாய்க்கு, அவர் தம் மகனை உள்ளூர வெறுத்து ஒதுக்கியதே சிக்கலின் வேர் என்பதைப் பல சந்திப்புகளில் பொறுமையாக உணர்த்த முயன்றும் பயன் கிட்டவில்லை. முயற்சியைக் கைவிடலாம் என இருவரும் ஒப்புக்கொண்டு, அத்தாய் கதவு வரை சென்ற நிலையில், பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று திரும்பிக் கேட்டார். உண்டு என்றதும் அமர்ந்து தம் மணவாழ்வின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினார். எது வலிக்கிறது, எத்திசையில் செல்ல வேண்டும் என்பதை அறிந்தவர் வந்தவரே என்ற முடிவுக்குத் தம்மைக் கொண்டுசென்ற நிகழ்வுகளுள் ஒன்றாக இதை ரோஜர்ஸ் பின்னர் எழுதினார். ஃபிராய்டிடமிருந்து பிரிந்த ஆட்டோ ராங்க் 1936-இல் ராசெஸ்டருக்கு வந்து நிகழ்த்திய உரைகளும் அதே திசையைக் காட்டின. நடைமுறையில் நேர்ந்த தோல்வியே இங்குக் கோட்பாட்டுக்கு வழிவிட்டது. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாகச் சொல்லிவிடுகின்றன.

1940 டிசம்பர் 11 அன்று ரோஜர்ஸ் தம் கருத்துகளை முதன்முறையாக ஒரு தனிக் கொள்கையாக முன்வைத்த உரை, வில்லியம்சனின் கோட்டையான மினசோட்டா பல்கலைக்கழகத்திலேயே நிகழ்ந்தது. அறிவுரை கூறுதல், இணங்கவைத்தல், அறிவார்ந்த விளக்கம் தருதல் ஆகிய பழைய உத்திகளை அவர் அங்கே விமர்சித்தார். எழுந்த கொந்தளிப்பைக் கண்டு, தாம் புதிதாக ஏதோ சொல்லியிருப்பதை உணர்ந்ததாகவும், அந்நாளே தம் கோட்பாட்டின் பிறந்தநாள் என்றும் அவர் கருதினார். ஆயினும் வாதத்தைவிட வலிமையான கருவி அவருக்கு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அங்கே அவரும் மாணவர்களும் ஆலோசனைச் சந்திப்புகளை இசைத்தட்டுகளில் பதிவு செய்தனர். ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பேச்சே அடங்கும் என்பதால், இரு சுழல்மேடைகளை மாறிமாறி இயக்கி இடைவெளியின்றிப் பதிய வேண்டியிருந்தது. இவ்வாறு பதிவான எட்டுச் சந்திப்புகளின் முழு உரையாடலையும், புனைபெயரால் குறிக்கப்பட்ட ஓர் இளைஞரின் வழக்காக, 1942-இல் வெளியான தம் நூலில் ரோஜர்ஸ் அச்சிட்டார். அதுவரை ஆலோசகரின் நினைவிலிருந்து எழுதப்பட்ட சுருக்கங்களே வெளியாகிவந்தன. மூடிய அறைக்குள் உண்மையில் பேசப்பட்டதை எவரும் வரிவரியாகச் சோதிக்கலாம் என்ற நிலை இந்நூலால் பிறந்தது. பதிவுகளை எண்ணிப் பார்த்தபோது, நெறிப்படுத்தும் ஆலோசகர்கள் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு சொற்கள் பேசியிருந்தனர். கோட்பாட்டு வேற்றுமை இவ்வளவு துலக்கமாக எண்ணிக்கையில் தெரிவது அரிது.

புதிய முறையில் ஆலோசகரின் அடுத்த வாக்கியம் வந்தவரின் உணர்வைத் திரும்பச் சொல்வதாக அமைந்தது. ஒருவர் தம் தந்தையின் கண்டிப்பைப் பற்றிப் பேசினால், கண்டிப்பின் காரணத்தை ஆராயாமல், அதனால் அவர் உற்ற அச்சத்தையோ கசப்பையோ சொல்லில் வைத்துக் காட்டுவது. இது எளிதில் கற்பிக்கத்தக்கதாக இருந்ததே அதன் பரவலுக்கும் சிதைவுக்கும் காரணமாயிற்று. உலகப்போரிலிருந்து திரும்பிய படைவீரருக்கு உதவ ஆலோசகர்கள் பெருமளவில் தேவைப்பட்டனர். குறுகிய பயிற்சியில் அவர்களுள் பலர் கொள்கையை விடுத்து உத்தியை மட்டும் பெற்றுக்கொண்டனர். வந்தவரின் சொற்களை அப்படியே ஒப்பிக்கும் கிளிப்பேச்சு என்ற கேலி எழுந்தது; அது ரோஜர்ஸை வெகுவாக வருத்தியது.

அதற்கு அவர் தந்த மறுமொழியாக 1957-இன் கட்டுரையைக் கொள்ளலாம். உத்திகளை ஒதுக்கிவிட்டு, ஆலோசகரிடம் இருக்க வேண்டிய மூன்று மனநிலைகளை அது முதன்மைப்படுத்தியது: உள்ளே உணர்வதும் வெளியே காட்டுவதும் ஒன்றாயிருக்கும் மெய்ம்மை, வந்தவரை எந்த நிபந்தனையுமின்றி மதிக்கும் ஏற்பு, அவரது உலகை அவர் கண்ணாலேயே காணும் ஒத்துணர்வு. மேலும் மூன்று நிலைமைகளோடு சேர்த்து, மாற்றத்துக்கு இவை தேவையானவை மட்டுமல்ல, போதுமானவையும் ஆகும் என்ற துணிவான கூற்றை அவர் முன்வைத்தார். அவ்வாண்டே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ரோஜர்ஸ், மனச்சிதைவு நோயால் மருத்துவமனையில் இருந்தவர்களிடம் இக்கூற்றைச் சோதிக்க முற்பட்டார். வாரக்கணக்கில் வாய் திறவாதவரிடம் எந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்வது? மௌனத்தின் முன்னே ஆலோசகர்கள் தங்கள் உள்ளத்தில் எழுந்ததைத் தாங்களே சொல்லக் கற்றனர். ஆய்வின் முடிவுகள் எதிர்பார்த்த வலிமையோடு அமையவில்லை. 'போதுமானவை' என்ற சொல் அங்கே ஆட்டம் கண்டது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் மெய்ம்மை என்ற பண்பு கோட்பாட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதே காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் வேறொரு பாதையில் சென்றார். உளப்பகுப்பாய்வில் பயின்ற அவர், மனச்சோர்வுற்றோர் வாய்விட்டுப் பேசும் பேச்சின் அடியில், கேட்டாலன்றிச் சொல்லப்படாத எண்ணங்கள் தாமாகவே ஓடுவதைக் கண்டறிந்தார். அவரது அறிதிறன் சிகிச்சையில் சந்திப்புக்கு நிகழ்ச்சி நிரல் உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, எண்ணங்களைக் குறித்துவரும் தாள் உண்டு. தேர்வில் தோற்ற மாணவி ஒருத்தி, தான் எதற்கும் லாயக்கில்லை என்று சொல்வதாகக் கொண்டால், வில்லியம்சனின் வழிவந்தவர் திறன் சோதனை மதிப்பெண்களை எடுத்து வேறு பாடத்தைப் பரிந்துரைப்பார். ரோஜர்ஸின் வழிவந்தவர் தன்மீதே அவளுக்கு எழுந்த வெறுப்பைச் சொல்லில் வைப்பார். பெக்கின் வழிவந்தவர் அந்த முடிவுக்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று அவளோடு சேர்ந்து ஆராய்வார். மூவரும் கேட்ட வாக்கியம் ஒன்றே. முதலாமவருக்கு அது பொருத்தமின்மையின் அறிகுறி, இரண்டாமவருக்கு உணர்வு, மூன்றாமவருக்குச் சோதிக்கத்தக்க கருதுகோள்.

இவ்வேறுபாடுகளைப் பெரிதுபடுத்தக் கூடாது என்ற குரலும் தொடக்கம் முதலே ஒலித்தது. வெவ்வேறு சிந்தனைப் பள்ளிகளைச் சேர்ந்த தேர்ந்த வல்லுநர்கள், தத்தம் பள்ளியின் புதியவர்களைவிட ஒருவரையொருவர் அதிகம் ஒத்திருந்ததை ஃபிரெட் ஃபீட்லர் 1950-இல் காட்டினார். 1979-இல் எட்வர்ட் போர்டின், எந்தச் சிகிச்சையிலும் இருவருக்கிடையே அமையும் பணிக் கூட்டுறவு மூன்று இழைகளால் ஆனது என்றார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவரிடையேயான பிணைப்பு. ரோஜர்ஸ் பிணைப்பையும், பெக்கின் வீட்டுப்பாடம் வேலையையும் முன்னிறுத்தியதாக இவ்வகுப்பின்வழி காணலாம். அதே ஆண்டில் மனச்சோர்வுச் சிகிச்சை பற்றி வெளிவந்த பெக்கின் நூல் கனிவு, துல்லியமான ஒத்துணர்வு, மெய்ம்மை ஆகியவற்றுக்கு இடமளித்து, அவை தேவையானவை, ஆனால் போதுமானவை அல்ல என்று வரையறுத்தது. அடுத்து உருவான அறிதிறன் சிகிச்சை மதிப்பீட்டு அளவுகோல், பயிற்சி பெறுபவர் நடத்திய சந்திப்பின் ஒலிப்பதிவைக் கேட்டு மதிப்பெண் இடுவதற்கு வகைசெய்தது; நிகழ்ச்சி நிரலுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண் இருந்ததுபோலவே, வந்தவரைப் புரிந்துகொண்டமைக்கும் அதில் தனி மதிப்பெண் இருந்தது.