சிம்ப்யூட்டரின் வரலாற்றை எப்படி எழுதுவது?

சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினி இன்று நினைவுகூரப்படும்போது, ‘விலைபோகாத கருவி’ என்ற ஒற்றைத் தீர்ப்போடு பேச்சு முடிந்துவிடுகிறது. அத்தீர்ப்பு தவறன்று, ஆனால் போதாது.

1998 அக்டோபரில், வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் குறித்த பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று பெங்களூரில் நடைபெற்றது. அங்கு எழுந்த எண்ணத்துக்கு உருக்கொடுக்க முனைந்தவர்கள் இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தின் பொறியாளர்களும். 1999இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளை உருவானது. 2001இல் முன்மாதிரி வெளிவந்தது. திட்டமிட்ட விலை ஏறத்தாழ 9,000 ரூபாய்.

அத்தொகை அன்றைய கூலித் தொழிலாளி ஒருவருக்கு எட்டாதது. இதை வடிவமைத்தவர்களும் அறிந்திருந்தனர். எனவே கருவி ஊருக்குப் பொதுவாக இருக்கும், ஒவ்வொருவரின் தகவலும் அவரவர் ஸ்மார்ட் கார்டில் இருக்கும் என்று ஏற்பாடு செய்தனர். எழுத்தறியாதவரும் பயன்படுத்தத் தொடுதிரையும் பேச்சொலியும் துணைநின்றன.

இயங்குதளமாக லினக்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குச் சிக்கனம் ஒரு காரணம். படி ஒன்றுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயன், மூலநிரலைத் திறந்து மாற்ற முடிந்ததே. சிறிய நினைவகத்துக்கும் இந்திய எழுத்துகளுக்கும் ஏற்ப அதை வளைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

இதன் சிறந்த சான்று ‘த்வனி’. எழுத்தை ஒலியாக்கும் இம்மென்பொருளை ரமேஷ் ஹரிஹரன் தொடங்கினார். இந்திய எழுத்துமுறைகளில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள நெருக்கத்தை அது பயன்படுத்திக்கொண்டது. பதிவுசெய்த சிறு ஒலித்துண்டுகளை விதிகளின்படி கோத்துப் பேசவைப்பதால், எளிய கருவியே அதற்குப் போதுமானதாயிற்று.

கட்டற்ற மென்பொருளின் நெறியை வன்பொருளுக்கும் நீட்டிக்க அறக்கட்டளை முயன்றது. வடிவமைப்பைப் பயன்படுத்தி எந்த நிறுவனமும் கட்டணம் செலுத்திக் கருவியைத் தயாரிக்கலாம்; செய்த மாற்றங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அறக்கட்டளைக்குத் திருப்பித் தர வேண்டும். திறந்த வன்பொருள் என்னும் கருத்து பரவலாகும் முன்பே இந்தியாவில் எழுதப்பட்ட உரிமம் அது.

2004இல் பிக்கோபெட்டா நிறுவனமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ‘அமிடா’ என்ற பெயரில் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. கர்நாடகத்தில் நிலப்பதிவுப் பணி, சத்தீஸ்கரில் கல்வி, மைசூரில் சிறுகடன், கோவாவில் இரும்புத்தாதுப் போக்குவரத்துக் கண்காணிப்பு எனப் பயன்பாடுகள் பலவாயின. ஆனால் 50,000 கருவிகள் விற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஏறத்தாழ 4,000 மட்டுமே விற்றன.

உரிமம் எதைத் திறக்கும், எதைத் திறக்காது என்பது இங்கே தெளிவாகிறது. நிரலைப் படியெடுக்கச் செலவில்லை. திரைக்கும் சில்லுக்கும் ஒவ்வொரு முறையும் செலவுண்டு. விலை குறையப் பெருமளவில் உற்பத்தி வேண்டும். உற்பத்தி பெருக வாங்குவோர் வேண்டும். இந்தச் சுழலை எந்த உரிமத்தாலும் உடைக்க முடியவில்லை. அதற்குள் மலிவான கைபேசி ஊர்ப்பொதுக் கருவியின் இடத்தைத் தனியாள் கருவியாக நின்று நிரப்பிவிட்டது.

த்வனியின் வாழ்வு கருவியோடு முடியவில்லை. சந்தோஷ் தோட்டிங்ஙல் முதலிய நிரலாளர்கள் அதை ஏற்றுத் தமிழ் உட்படப் பல மொழிகளுக்கு விரித்தனர். ‘க’ என்ற ஓரெழுத்து ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய சொற்களில் வெவ்வேறாக ஒலிக்கும் தமிழைப் பேசவைக்கத் தனி விதிகள் வேண்டும். மூலநிரல் திறந்திருந்ததால் அவற்றை எழுதிச் சேர்க்க வழியிருந்தது.

விற்பனைக் கணக்கை மட்டும் சான்றாகக் கொள்ளும் வரலாறு 4,000 என்ற எண்ணோடு நின்றுவிடும். பிறர் எடுத்தாளக்கூடியதாக எது எஞ்சியது என்று கேட்கும் வரலாறே, பொதுப் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் இன்று தம் ஆக்கங்களை எந்த உரிமத்தில் வெளியிடுகின்றன என்ற கேள்விக்கும் நம்மை இட்டுச்செல்லும்.